உச்சிப்பொழுதுப் பிரசவம்

மஹ்பூபா இத்தாவில் உட்கார்ந்த பிறகுதான், அந்த வீட்டில் உச்சிப்பொழுதில் பிரசவம் நடக்கிறது என்று ஊர் பேச ஆரம்பித்தது.

சைகோனில் கடை வைத்திருந்த அவள் புருஷன் அங்கேயே காய்ச்சலில் மவுத்தாகிவிட்டதாகத் தந்தி வந்திருந்தது. புருஷனை இழந்தவள் இத்தாக் காலம் முடியும்வரை வாசல் தாண்டக் கூடாது. ஜன்னல்களுக்குச் சாக்குப் படுதா தொங்கவிட்டு, வெள்ளைச் சீலையோடு உள்ளே போனவள்தான். காரைக்காலின் வடக்குப் பக்கம் முழுக்க அவள் கையை நம்பிப் பிள்ளை பெற்ற பெண்கள். அந்தக் கை இப்போது பூட்டிய வீட்டுக்குள் இருந்தது.

"நானே காதால கேட்டேன் நர்சம்மா," என்றாள் ஆஸியா பீவி. திருவேட்டக்குடி பிரசவ விடுதியில் ஆயா. வீடு மஹ்பூபா வீட்டுக்கு எதிரே. "மத்தியான லுஹர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னாடி ஆரம்பிக்கும். 'பல்லக் கடிக்காதடி, வாயத் தொறந்து மூச்சு வுடு'ங்கிறா. 'இந்தா, கால் வந்துருச்சு'ங்கிறா. பொறவு ஒண்ணுமில்ல. புள்ள அழுவுற சத்தம் மட்டும் வராது. ஒரு பொம்பள உள்ள போவல, ஒரு பொம்பள வெளிய வரல. ஜின்னு வூட்டுப் பொம்பளைங்கதான். அவுங்களுக்கும் கைராசி வேணும்ல?"

"ஜின்னுக்குப் பிரசவம் பாக்க யாரு சம்பளம் குடுக்குறா?"

"உங்களுக்குக் குடுக்குறாங்களே, சும்மா உக்காந்திருக்க." சொல்லிவிட்டு ஆயா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நர்சம்மா சௌந்தரவல்லிக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். குரும்பகரத்தில் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டிய முதல் பெண் அவள். தஞ்சாவூரில் மருத்துவச்சிப் படிப்பு முடித்து, பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிய மறு வருஷம் இந்த விடுதிக்கு வந்தாள். வந்த புதிதில் அஞ்சம்மாள் என்ற செம்படவப் பெண்ணுக்குப் பிள்ளை குறுக்கே கிடந்தது. உள்ளே கைவிட்டுக் காலைப் பிடித்து இறக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. சௌந்தரவல்லி பிடித்து இழுத்தது காலில்லை, கை. தோள் சிக்கிக்கொண்டது. அஞ்சம்மாள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. படித்ததெல்லாம் தலையில் இருந்தது. விரலுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அன்றோடு விடுதிக் கட்டில் காலி. 'ராசியில்லாத கை' என்றார்கள். மீன் கூடையைத் தொட்டால்கூட வேறு கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள் மீன்காரி.

அதையும் தாங்கிக்கொண்டிருப்பாள். ஆனால் குரும்பகரத்திலேயே வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா பெரியநாயகிக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. முதல் பிள்ளை பிறந்து வாரம் தங்கவில்லை. இது இரண்டாவது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது தலை இடது விலாப்பக்கம் உருண்டையாகத் தட்டுப்பட்டது. குறுக்கே கிடந்தது. வெளியிலிருந்தே உள்ளங்கையால் மெல்லத் திருப்பிவிட்டாள். மறுவாரம் போய்ப் பார்த்தால் பழைய இடத்திலேயே படுத்திருந்தது.

"அம்மாவுக்கும் இப்படித்தானே இருந்துச்சு?" என்றாள் அக்கா. அம்மாவின் கூறைநாட்டுப் புடவையை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல்தான் படுத்திருந்தாள். அரக்கில் மஞ்சள் கட்டம். கிழிந்த இடங்களை அம்மாவே பச்சை நூலால் இழையோட்டியிருந்தாள். ஒரு தலைப்பில் முழ அகலத்துக்குத் துணி இருக்காது. எலி கடித்துவிட்டது என்று அப்பா சொல்வார். எந்த எலி அவ்வளவு நேராகக் கடிக்கும்?

அக்காவின் மாமியார் மங்கையர்க்கரசி முடிவாகச் சொல்லிவிட்டாள். "வலி கண்டதும் வண்டியக் கட்டிக்கிட்டு மஹ்பூபா வூட்டுக்குப் போயிடுவோம். அவ வெளிய வரக்கூடாது, நாம உள்ள போவலாம்ல? நீ கோவிச்சுக்காத வல்லி. உன் படிப்பு பெரிசுதான். கை வேற."

"ராசி எங்க அத்தை இருக்கு? நகத்துலயா, ரேகையிலயா?"

"ரத்தத்துல. அவ உம்மா அமீர் நிஷா சாவுறப்ப மவ கையப் புடிச்சுக்கிட்டே செத்தாளாம். ஒடம்பு சில்லிட்ட அன்னைக்கு ராசி இவ கையில எறங்குச்சு. பொறப்புல வரணும்டி அதெல்லாம்."

சௌந்தரவல்லி மறுநாள் உச்சிப்பொழுதில் மஹ்பூபா வீடு இருந்த கோட்டுச்சேரிக்கு நடந்தாள். என் அக்காவை உள்ளே விடாதே, கதவைச் சாத்திக்கொள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். ஐப்பசி அடைமழை. வெயில் கண்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. அந்த நேரத்தில் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஆஸியா பீவி 'வேணாம்' என்று கையை ஆட்டினாள்.

படுதாவுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம்தான். என் ராசாத்தில்ல. இடுப்ப எக்காத."

யாரோ பெருமூச்சு விட்டதுபோல இருந்தது. மழையாகவும் இருக்கலாம். சௌந்தரவல்லி கொல்லைப்பக்கமாகப் போய்க் கதவைத் தள்ளினாள். திறந்துகொண்டது.

அறையில் மழை வெளிச்சம் மங்கலாக விழுந்திருந்தது. மஹ்பூபா கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு பாயில் மண்டியிட்டிருந்தாள். எதிரே ஒரு பெண் மல்லாந்து கிடந்தாள். வயிறு இருந்தது. தொடை இருந்தது. தலை இல்லை. தோளுக்குக் கீழே கையில்லை, முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. மஹ்பூபாவின் வலக்கை மணிக்கட்டைத் தாண்டி அந்த வயிற்றுக்குள் போயிருந்தது.

சௌந்தரவல்லி கதவுநிலையைப் பற்றிக்கொண்டாள்.

"யாரு? ஆஸ்பத்திரி லைசால் வாடை வருதே. நர்சம்மாவா?" கண்கட்டை அவிழ்க்காமலே மஹ்பூபா கேட்டாள். "கத்திப்புடாதீங்க. தெரு ஏற்கெனவே பயந்து கெடக்கு." கையை மெல்ல வெளியே இழுத்தாள். விரல்களுக்கிடையில் ஒரு குட்டிப் பாதம், பிறகு கால், பிறகு மண் அடைத்த துணித் தலை. விளக்கெண்ணெய் வழிந்தது. அந்தக் குழந்தையைப் பாயில் கிடத்தி, நிஜப் பிள்ளைக்குச் செய்வதுபோலவே முகத்தைத் துடைத்தாள்.

கண்கட்டை அவிழ்த்தபோதுதான் தெரிந்தது, அவளுக்கும் சௌந்தரவல்லியின் வயதுதான் இருக்கும்.

"இது என்னது?"

"பொம்மை. என் உம்மாவோட பாட்டி ஒரு ஆஸ்பத்திரியில வேலை பாத்தாங்க. மருத்துவச்சிகளுக்குப் பழக்குறதுக்காக வெள்ளக்காரங்க கப்பல்ல கொண்டாந்த தோல் பொம்மை. பூசணம் புடிச்சுதுன்னு தூக்கிப் போட்டாங்களாம். எடுத்தாந்து ஒட்டுப் போட்டாங்க. பால் பல்லு விழுவுறதுக்கு முன்னாடியே எனக்குக் கண்ணக் கட்டி இதுக்கு முன்னாடி உக்கார வச்சுட்டாங்க உம்மா. புள்ளைய ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி உள்ள வப்பாங்க. நான் கண்டுபுடிச்சு எடுக்கணும்."

"தப்பா எடுத்தா? அடிப்பாங்களா?"

"அடிச்சிருந்தா தேவலையே." மஹ்பூபா சிரித்தாள். அந்தச் சிரிப்பு கண்வரை போகவில்லை. "யாரோட துணின்னு பேரச் சொல்லுவாங்க. அவ்வளவுதான்."

அப்போதுதான் சௌந்தரவல்லி அந்த வயிற்றைச் சரியாகப் பார்த்தாள். தோல் எங்கேயும் தெரியவில்லை. மேலேயும் உள்ளேயும் பட்டை பட்டையாகத் துணி தைத்திருந்தது. வெள்ளை மல், நீலக் கைலி, கண்டாங்கி, சீட்டி. ஒவ்வொரு பட்டையும் ஒவ்வொரு விதமாக மங்கியிருந்தது.

"எங்க கையில போனவுங்க. தாயோ புள்ளையோ. போனா அந்த வூட்டுக்குப் போயி, என்ன தப்பு செஞ்சோம்னு வாயத் தொறந்து சொல்லி, துணி கேட்டு வாங்கணும். திருடக் கூடாது. தச்சுட்டு, அவுங்களுக்குப் புள்ள எப்படிக் கெடந்துச்சோ அதே மாதிரி உள்ள வச்சு, வர்ற வரைக்கும் பழகணும். இந்த வெள்ளை மல்லு என் கையில போனது."

"அப்போ ராசி?"

"அது ஊரு குடுத்தது."

"ஏன் மறைக்கிற?" 'நீ' என்று எப்போது வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. "பழகுனா வரும்னு சொன்னா என்ன குறைஞ்சுபோவும்? என்னை ராசியில்லாதவன்னு ஒதுக்கி வச்சிருக்காங்கடி இங்க!"

"பழகுனேன்னு சொன்னா, யாரு மேல பழகுனேன்னு கேப்பாங்க. பதில் இருக்கா?"

சௌந்தரவல்லி பொம்மையின் பக்கம் குனிந்தாள். வயிற்றின் இடது ஓரத்தில், அரக்கில் மஞ்சள் கட்டம் தெரிந்தது. பச்சை நூல் இழை. விரலை வைத்துத் தடவினாள். அந்த இழையோட்டம் அவளுக்குத் தெரியும். வீட்டிலிருக்கும் புடவையில் நேராகக் கிழிபட்ட முழத்துணி அது.

"இது..."

மஹ்பூபா கிட்டே வந்து பார்த்தாள். "குரும்பகரத்து வைத்தியலிங்கம் பொஞ்சாதி. குறுக்கே கெடந்த புள்ள. உம்மா கால்னு நெனச்சுக் கையப் புடிச்சு இழுத்துட்டாங்க." பிறகுதான் அவள் முகம் மாறியது. "நீங்க... அவுங்க மவளா?"

மழை ஓட்டில் விழுந்துகொண்டே இருந்தது.

"உங்கம்மா இழுத்தா விதி," என்றாள் சௌந்தரவல்லி. "நான் இழுத்தா ராசியில்லாத கை. தப்பு ஒண்ணுதான். உங்கம்மாவுக்குப் பேர் கெடல. எங்கம்மா செத்து, நாங்க ரெண்டு பேரும் கஞ்சி காய்ச்சத் தெரியாம நின்னோம். எங்கப்பா எலின்னு சொன்னாரு!"

"உம்மா உங்க வாசல்ல நின்னு சொன்னாங்க. உங்க வாப்பாதான் கிழிச்சுக் குடுத்தாரு." மஹ்பூபா தலையைக் குனிந்துகொண்டாள். "நான் இதுல அதிகமாப் பழகுனது உங்கம்மா துணியிலதான். ரொம்ப நாளு கால் வரவே வரல. பொறவு வந்துச்சு. என் கையில அவுங்க எத்தனையோ தடவ பொழச்சிருக்காங்க நர்சம்மா."

அடிக்கத்தான் கையை ஓங்கினாள் சௌந்தரவல்லி. ஓங்கிய கை அப்படியே நின்றது. இறக்கி, வளையலைக் கழற்றிப் பாயில் வைத்தாள்.

"என் கண்ணக் கட்டு. எங்க அக்காவுக்கும் அப்படித்தான் கெடக்கு."

முதல் தடவை உள்ளே கைவிட்டதும் சட்டென்று எடுத்துக்கொண்டாள். வெதுவெதுவென்றிருந்தது. மழை பிடித்த வாரம், குளிர்ந்த தரை, எண்ணெய் ஊறிய பழந்துணி. எப்படிச் சூடு? கேட்கவில்லை. மஹ்பூபாவும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து உச்சிப்பொழுதில் அந்த வீட்டில் இரண்டு குரல்கள் கேட்பதாக ஊர் சொன்னது. நர்சம்மா ஜின்னிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னது. சௌந்தரவல்லி காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு, அம்மாவின் துணிக்குள் கைவிட்டு, கையா காலா என்று தேடினாள். இழுத்தாள். கை வந்தது. மறுபடி இழுத்தாள். கை வந்தது.

தப்பாக வரும்போது மஹ்பூபா ஒரு பேரைச் சொல்வாள்.

"பாக்கியத்தம்மா."

அவ்வளவுதான். அம்மாவின் பேரை அந்த அறையில் கேட்கும்போதெல்லாம் சௌந்தரவல்லிக்குப் பிடரி மயிர் சிலிர்த்தது. ஒருநாள் ஆத்திரத்தில் துணிப்பிள்ளையைச் சுவரில் அடித்தாள். மஹ்பூபா எடுத்துத் துடைத்துத் திரும்ப உள்ளே வைத்தாள்.

"விரலாலேயே புடிச்சுப் பாக்குறீங்க. விரலுக்கு எல்லாம் ஒண்ணுதான். கையின்னா மணிக்கட்டு நேராப் போவும். காலுன்னா மடங்கி, பின்னாடி முட்டு ஒண்ணு இருக்கும். குதிகால். அதத் தேடுங்க."

"புத்தகத்துல இருக்குடி அது."

"அப்போ கைக்கும் படிச்சுக் காட்டுங்க."

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். எதிர்வீட்டில் ஆஸியா பீவி ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

குதிகால் ஒருநாள் தட்டுப்பட்டது. மறுநாள் தவறியது. பிறகு தவறுவது குறைந்தது. அம்மாவின் பட்டையில் உள்பக்கம் ஒரு நூல் முடிச்சு நெருடும். அந்த முடிச்சுக்கு இடப்பக்கமாகப் போனால் கால். அந்த இடத்தை விரல் தானாகவே கண்டுகொள்ளும் அளவுக்கு வந்தது. சோறு பிசையும்போது, தலை பின்னும்போது, கை தன்பாட்டுக்கு அந்த முடிச்சைத் தேடியது. நிறுத்தச் சொன்னாலும் நிற்கவில்லை. யாருடைய கை இது என்று சில நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கார்த்திகை பிறந்ததும் அக்காவுக்கு வலி கண்டது. அன்று காலைதான் வாய்க்கால் உடைத்துக்கொண்டு வண்டிப்பாதையை அடித்துப் போயிருந்தது. கோட்டுச்சேரிக்கும் போக முடியாது, காரைக்காலுக்கும் போக முடியாது. சௌந்தரவல்லி முந்தைய நாளே குரும்பகரம் வந்திருந்தாள். மங்கையர்க்கரசி தாழ்வாரத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"ராசியான கை அந்தக் கரையில இருக்கு. ராசியில்லாதது இங்க இருக்கு. என் புள்ள குடும்பம் போச்சே!"

"அழுவுறதுன்னா வெளிய போயி அழுவுங்க அத்தை. வெந்நீர் வேணும் எனக்கு."

பனிக்குடம் உடைந்தபோது உச்சிப்பொழுது. அக்கா அம்மாவின் புடவையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். சௌந்தரவல்லி முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, லைசாலில் நனைத்தாள். பிறகு சுற்றி நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணை மூடிக்கொண்டாள்.

"பல்லக் கடிக்காத. வாயத் தொறந்து மூச்சு வுடு," என்றாள். அது மஹ்பூபாவின் குரல் மாதிரியே இருந்தது.

உள்ளே முதலில் தட்டுப்பட்டது பிள்ளையின் விலா. பிறகு மெல்லியதாக ஏதோ வழுக்கியது. நேராகப் போயிற்று. கை. விட்டாள். விட்டதும் வயிறு இறுகி அவள் மணிக்கட்டை நெரித்தது. விரல் மரத்துப்போயிற்று. எங்கே இருக்கிறோம் என்பதே போய்விட்டது. அஞ்சம்மாள் கத்தியது காதுக்குள் கேட்டது.

அப்போது விரல் நுனியில் ஒரு முடிச்சு நெருடியது.

நூல் முடிச்சு. மனுஷி வயிற்றுக்குள் நூல் ஏது? அவள் யோசிக்கவில்லை. கை யோசிக்கவில்லை. இடப்பக்கம் போயிற்று. மடங்கியது, பின்னால் முட்டு. குதிகால்.

பிடித்துக்கொண்டாள். அடுத்த வலி அடங்கக் காத்திருந்து மெல்ல இறக்கினாள். கால், இடுப்பு, தோள், கடைசியில் தலை. நீலம் பூத்துக் கிடந்த பெண் பிள்ளை. குப்புறப் பிடித்து முதுகைத் தேய்த்தாள். பிள்ளை தும்மியது. பிறகு ஊரைக் கூட்டியது.

"அழுவுது!" என்று பெரியநாயகி விம்மினாள். "வல்லி, அழுவுதுடி!"

மங்கையர்க்கரசி ஓடிவந்து, ரத்தம் காயாத அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எறங்கிடுச்சுடி! மஹ்பூபா கிட்டப் போயிப் போயி அவ ராசி உன் கையில எறங்கிடுச்சு!"

சௌந்தரவல்லி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இத்தனை நாள் முழங்கை வலிக்கத் தேடியது, அழுதது, சுவரில் அடித்தது எல்லாம் ஒரு வார்த்தையில் போயிற்று.

"ராசியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பழகுனேன்."

"பழகுனியா? யாரு மேல?"

மஹ்பூபா சொன்னது சரி. அதுதான் முதல் கேள்வி. சௌந்தரவல்லி ஒரு நொடி வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"எங்கம்மா மேல."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி பின்னால் நகர்ந்தாள். இன்னொருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலத்துக்குள் செய்தி வெள்ளத்தையும் தாண்டிப் போய்விட்டது: பிரசவத்தில் செத்த பாக்கியத்தம்மா சின்ன மகள் கையில் வந்து இறங்கியிருக்கிறாள், கண்ணை மூடியதும் வருகிறாள், குரல்கூட மாறியதாம். உண்மையைச் சொன்னாள். ஊர் அதைப் பேயாக்கிக்கொண்டது.

வெள்ளம் வடிந்து திருவேட்டக்குடிக்குத் திரும்பியபோது விடுதி வாசலில் மூன்று கர்ப்பிணிகள் காத்திருந்தார்கள். அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்கள்.

அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு சௌந்தரவல்லி கடற்கரைக்கு நடந்தாள். அஞ்சம்மாள் குடிசை வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"உன் புள்ள விதியால சாவல," என்றாள் சௌந்தரவல்லி. "ராசியாலயும் சாவல. நான் கால்னு நெனச்சுக் கையப் புடிச்சு இழுத்தேன். எனக்கு வித்தியாசம் தெரியல. தெரியாமலே கைய வுட்டேன்."

அஞ்சம்மாளின் விரல்கள் வலைக்கண்ணில் நின்றுவிட்டன.

"இத ஏன் இப்ப வந்து சொல்ற?"

"அன்னைக்கு நீ கட்டியிருந்த சேலையில ஒரு முழம் வேணும்."

"வச்சு என்ன செய்யப் போற?"

"பழகப் போறேன். அந்தத் துணியில உன் புள்ள என் கையில பொழைக்கிற வரைக்கும்."

அஞ்சம்மாள் வலையைக் கீழே போட்டாள். காறித் துப்புவாள் என்றுதான் இருந்தது. எழுந்து உள்ளே போனாள். துணி கிழியும் சத்தம் நேராக, நீளமாகக் கேட்டது.

மறுநாள் உச்சிப்பொழுதில் மஹ்பூபா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சௌந்தரவல்லி அஞ்சம்மாள் கிழித்துக் கொடுத்த ஊதாப் பட்டையை அம்மாவின் பட்டைக்கு அருகில் வைத்து ஊசியைக் குத்தினாள். ஒட்டிப் பிடித்திருந்த இடது உள்ளங்கைக்குக் கீழே பொம்மையின் வயிறு இறுகியது. வலி வந்த வயிறு இறுகுவது எப்படி என்று அவளுக்குத் தெரியும். மெதுவாக ஏறி, கல்லாகி, கொஞ்சம் நின்று, தளர்ந்தது.

மஹ்பூபாவைப் பார்த்தாள். மஹ்பூபா கண்கட்டை எடுத்து நீட்டினாள்.

"எப்பவும் அப்படித்தான்," என்றாள். "அடுத்த வலி வர்றதுக்குள்ள தச்சு முடிங்க."